கூட்டத்தை முடித்து வைக்கும் ஜெபம்

கடிதம்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

தென்மாவட்டம் ஒன்றில் சி.எஸ்.ஐ. சேகரத்தின் குருவானவராக இருக்கிறேன். வயது 43. தாய்ச்சபையும் ஐந்து கிளைச்சபைகளும் என் பொறுப்பு. அதிகாலை ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், வீட்டு ஜெபம், ஆஸ்பத்திரி, அடக்க ஆராதனை என்று வாரம் முழுக்க ஜெபித்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் தனியாக அறைக்கதவைச் சாத்திவிட்டு முழங்காலிட்டால் வாயில் ஒரு வார்த்தை வருவதில்லை. வேதத்தைத் திறந்தால் ஞாயிறு பிரசங்கத்துக்கு மூன்று குறிப்பு கிடைத்துவிடும். ஜெபம் மட்டும் நடக்காது. ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான்.

இன்னொரு பக்கம் சேகரக் கமிட்டி. ஆலயக் கூரை ஒழுகுகிறது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு கட்சி. கல்யாண மண்டபம் கட்டினால் வரும் வாடகையில் கூரையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கட்சி. எட்டு மாதமாக ஒவ்வொரு கூட்டத்திலும் குரல் உயரும். அப்போது நான், "சரி, இதை ஜெபத்துல வைப்போம்" என்று சொல்லி, ஜெபித்து, கூட்டத்தை முடித்துவிடுவேன். போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "ஐயா, உங்க ஜெபம் எங்க வாயை அடைக்கத்தான் உதவுது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஜெபிக்கச் சொன்னால், "ஆண்டவரே, சபைப் பணத்து மேல கண்ணு வச்சிருக்கிறவங்க கண்ணைத் திறங்க" என்று குத்திப் பேசுகிறவர்களும் உண்டு.

ராத்திரி பன்னிரண்டு வரை ஜெபம் கேட்டு போன் வரும். நாலரைக்கு எழ வேண்டும். சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுகிறேன். என் ஜெபம் போதாததால்தான் இத்தனையும் என்று தோன்றுகிறது. வரும் திங்கள் முதல் 21 நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். மனைவி ஒரே பிடியாக வேண்டாம் என்கிறாள். ஜெபிக்க முடியாதவன் சபைக்கு முன் நின்று ஜெபிப்பது மாய்மாலம்தானே? மாறுதல் கேட்டுப் போய்விடலாமா?

— பெயர் வேண்டாம்

பதில்

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

திங்கட்கிழமை உபவாசத்தைத் தொடங்காதீர்கள். உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. உங்கள் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் கிளிமிபிரைடு கலந்த மாத்திரை இருந்தால், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கிளைச்சபைக்கு பைக்கில் போகும்போது அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். உபவாசத்துக்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதும் ஆபத்துதான். ஒரு வேளை சாப்பாட்டை மட்டும் விடும் உபவாசம் என்றாலும் டாக்டரிடம் கேட்டு, மாத்திரை அளவை மாற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

21 நாள் என்ற கணக்கு தானியேல் 10-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அங்கே தானியேல் பட்டினி கிடக்கவில்லை. ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் இவற்றைத்தான் மூன்று வாரம் தள்ளி வைத்தார். உங்களுக்கும் எதையாவது தள்ளி வைக்க வேண்டும் என்றிருந்தால், 21 நாளைக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் போனைத் தள்ளி வையுங்கள். அது சோற்றை விடுவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

அடுத்தது மாய்மாலம். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஜெபங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே மற்றவர்களுக்காக, மற்றவர்கள் கேட்க, நேரம் குறித்துச் செய்பவை. ஜெபம் உங்களுக்கு வேலையாகிவிட்டது. தனியறையிலும் மனசு வேலைக்கே தயாராகி நிற்கிறது. அதனால்தான் வேதத்தைத் திறந்ததும் பிரசங்கக் குறிப்பு வருகிறது. இதற்கு மேல் தூக்கம் நாலரை மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் வேலைக்களைப்பை மூன்று அடையாளங்களோடு சேர்த்தது: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையின் மேலேயே ஒரு வெறுப்பும் விலகலும், எதைச் செய்தாலும் பலனில்லை என்ற எண்ணம். இதைத் தனி நோயாக அது சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலையாகத்தான் சொல்கிறது. முதலும் மூன்றாவதும் உங்கள் கடிதத்தில் தெளிவாகத் தெரிகின்றன. இதில் மாய்மாலம் எங்கே இருக்கிறது? மாய்மாலக்காரர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார்.

சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது உபதேசம் அல்ல. தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. பேச்சு அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்தான். அதே வரிசையில் நீங்களும் போங்கள். அதிகாலை ஜெபத்தை வாரத்தில் மூன்று நாளாவது சபை ஊழியர்களிடமோ மூப்பர்களிடமோ விட்டுவிட்டு, அன்றைக்கு ஏழு மணி நேரம் தூங்குங்கள்.

தனி ஜெபத்துக்கு 20 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று வைத்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள், அதற்கும் குற்றவுணர்வு வரும். பிரசங்கம் தயாரிக்கிற மேஜையில் உட்காராதீர்கள். குறிப்பெழுதி, கோடு போட்டு வைத்திருக்கிற வேதத்தையும் தொடாதீர்கள். கோடே போடாத வேறொரு பிரதி வேண்டும். ஒரே ஒரு சங்கீதத்தை வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தடவை வாசியுங்கள். 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம்தான், அதிலும் "எதுவரைக்கும்" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரியில்கூட வெளிச்சத்துக்கு வருவதில்லை. உங்களுக்கு வார்த்தை இல்லாத நாளில் சங்கீதக்காரர்களுடைய வார்த்தையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். சபை ஆதியிலிருந்து அப்படித்தான் செய்துவருகிறது. மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். நடுவில் பிரசங்கக் குறிப்பு கட்டாயம் வரும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். அதை அடக்கப் பார்த்தால்தான் தொல்லை.

இன்னொன்று, உங்களுக்காக ஜெபிக்க ஒருவர் வேண்டும். அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கை தளர்ந்தது. கல்லைப் போட்டு உட்கார வைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் இரு பக்கமும் தாங்கினார்கள். மாதம் இருமுறை நீங்கள் போய் உட்கார்ந்து, மனம்விட்டுப் பேசி, அவர் ஜெபிக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். அவர் உங்கள் சேகரத்து ஆளாக இருக்கக்கூடாது, உங்கள் மாறுதலில் கை வைக்கக்கூடிய ஆளாகவும் இருக்கக்கூடாது. ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவரோ, வேறு சபையின் பாதிரியாரோ பொருத்தம்.

இனி கமிட்டி. தலைமையாசிரியர் சொன்ன விதம் சரியில்லை. சொன்ன விஷயத்தில் உண்மை இருக்கிறது. குரல் உயர்கிறது, உங்கள் நெஞ்சு படபடக்கிறது, "ஜெபத்துல வைப்போம்" என்கிறீர்கள், எல்லாரும் தலை குனிகிறார்கள், படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த மாதமும் அதையே சொல்ல வைக்கிறது. இதைத் தவிர்ப்புப் பழக்கம் என்போம். எட்டு மாதத்தில் உறுப்பினர்களும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: இங்கே பேசிப் பயனில்லை, ஜெபம் வந்து நறுக்கிவிடும். குறுக்கே யாரும் பேச முடியாத இடம் ஜெபம் ஒன்றுதான் என்பதால், சண்டை அதற்குள் போய்விட்டது. குத்திப் பேசுகிறவருக்கு அந்த வாசலைத் திறந்துவிட்டது நீங்கள்தான் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது.

சமய உளவியலில் கென்னத் பார்கமெண்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் மூன்று போக்குகளைப் பிரித்துக் காட்டினார்கள். எல்லாம் என் கையில் என்று கடவுளை விட்டுவிட்டு இறங்குவது ஒன்று. எல்லாவற்றையும் கடவுள் தலையில் போட்டுவிட்டுக் காத்திருப்பது இன்னொன்று. கடவுளோடு சேர்ந்து வேலை செய்வது மூன்றாவது. நீங்கள் தனிப்பட்ட உழைப்பில் முதல் வகை, கமிட்டியில் இரண்டாம் வகை. மூன்றாவதற்கு, எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவைப் பாருங்கள். கிஸ்லேவ் மாதத்திலிருந்து நிசான் வரை, ஏறக்குறைய நாலு மாதம் ஜெபித்தார். ராஜா "என்ன வேண்டும்?" என்று கேட்டதும் எத்தனை காலம், எந்த அதிபதிகளுக்குக் கடிதம், யாரிடமிருந்து மரம் என்று பட்டியலே சொன்னார். ஜெபித்த மாதங்களில் கணக்கும் போட்டிருந்தார் என்றுதான் அர்த்தம். எருசலேமுக்குப் போய் மூன்று நாள் கழித்து, ராத்திரியில் மதிலைத் தானே சுற்றிப் பார்த்தார். எதிரிகள் கூடியபோது ஜெபமும் பண்ணினார், காவலும் வைத்தார். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆயி பட்டணத்துப் போரில் தோற்று முகங்குப்புற விழுந்துகிடந்த யோசுவாவிடம் கர்த்தர், "எழுந்திரு" என்கிறார். ஜெபித்துக்கொண்டிருப்பதே தவறாகிவிடுகிற நேரமும் வரும்.

வாக்குவாதம் வந்தால் பரிசுத்த ஆவியானவர் விலகிவிடுவார் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது என்று ஊகிக்கிறேன். அப்போஸ்தலர் 15-ஐ எடுத்துப் பாருங்கள். மிகுந்த தர்க்கம் உண்டான பிறகுதான் பேதுரு எழுந்து பேசுகிறார், பர்னபாவும் பவுலும் நடந்ததைச் சொல்கிறார்கள், யாக்கோபு முடிவை முன்வைக்கிறார். "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்ற வாக்கியம் அந்தத் தர்க்கத்தைத் தாண்டி வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கூரைக்கு இரண்டு மதிப்பீடு, மண்டபத்துக்கு ஒன்று, கையிருப்புக் கணக்கு, இந்த நாலையும் ஏழு நாளுக்கு முன்பே எல்லார் கையிலும் கொடுத்துவிடுங்கள். எட்டு மாதச் சண்டையில் ரூபாய்க் கணக்கு எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன். எண் இல்லாத இடத்தில்தான் ஆள் மேல் சந்தேகம் வரும். கூட்டத் தொடக்கத்தில் ஒரு வேதபகுதி, இரண்டு நிமிட மௌனம், நீங்களே ஒரு சுருக்கமான ஜெபம். பொது ஜெபம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று ஆறாம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ட் தன் மடத்தாருக்கு எழுதி வைத்தார். கமிட்டி அறையைப் பார்த்திருந்தால் இன்னும் அழுத்தி எழுதியிருப்பார். பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கே யாரும் பேசக்கூடாது. எல்லாரும் பேசி முடித்ததும் ஒரு துண்டுச்சீட்டில், "எதிர்த்தரப்பின் திட்டம் நிறைவேறினால் எனக்கு என்ன பயம்?" என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லி, நீங்களே வாசியுங்கள். "மண்டபச் சாவி ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்விடும்" என்று ஒரு சீட்டு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதைத்தான் இத்தனை நாளும் கூரை, மண்டபம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சீட்டுகள் வந்த பிறகு ஐந்து நிமிட மௌனம். அதன் பிறகு விவாதம், தீர்மானம். அன்றே முடியாவிட்டால் எந்தத் தேதியில் முடிவு என்பதையாவது கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள். யார், எதை, எப்போதுக்குள் என்று தீர்மானத்தை வாசித்த பின்னர்தான் முடிவு ஜெபம். நடுவில் சூடு ஏறினால், "பத்து நிமிஷம் டீ குடிச்சிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். இடைவேளைக்கு இடைவேளை என்றே பெயர் இருக்கட்டும்.

சில மாதங்களுக்குக் கமிட்டியில் யாரையும் சொந்தமாக ஜெபிக்கச் சொல்ல வேண்டாம். ஜெபப் புத்தகத்திலிருந்தோ சங்கீதத்திலிருந்தோ எல்லாரும் மாறி மாறி வாசிக்கலாம். மீறிக் குத்திப் பேசினால் அங்கேயே கண்டிக்காதீர்கள். மறுநாள் வீட்டுக்குப் போய், தனியாக, "நேத்து ஜெபத்துல சொன்னதை என்கிட்ட நேராச் சொல்லுங்க" என்று கேளுங்கள். நீங்களும் ஒன்றைத் தவிர்க்க வேண்டும்: "ஆண்டவர் எனக்குச் சொன்னார்" என்ற வாக்கியம். தலைமையில் இருப்பவர் அதைச் சொல்லிவிட்டால் மாற்றுக் கருத்து சொல்கிறவர் ஆண்டவரையே எதிர்ப்பவராகிவிடுகிறார்.

ராத்திரி போன்களைப் பற்றிச் சுருக்கமாக. அப்போஸ்தலர் 6-இல் பந்தி விசாரணைக்கு, அதாவது சாப்பாட்டுப் பொறுப்பைக் கவனிக்க, ஏழு பேரைத் தெரிந்துகொண்டது, அப்போஸ்தலர்கள் ஜெபத்திலும் வசனத்திலும் தரித்திருப்பதற்காக. உங்களிடம் ஜெபமே பந்தி விசாரணை போல ஆகிவிட்டது. கிழமைக்கு ஒருவராக, ஆண்களும் பெண்களுமாக ஏழு பேரைத் தயார் செய்து, அவர்கள் எண்ணை ஆலய அறிவிப்பில் சொல்லுங்கள். சாவு, விபத்து, உயிரை மாய்த்துக்கொள்வேன் என்ற பேச்சு, இவை மட்டும் எந்நேரமும் உங்களுக்கு வரட்டும். அந்த ஏழு பேருக்கும் ஒரு கண்டிப்பு வேண்டும்: ஜெபக்குறிப்பைச் சொன்னவரின் அனுமதியில்லாமல் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. "இன்னார் வீட்டுக் குடிப்பழக்கத்துக்காக ஜெபிக்கவும்" என்று ஒரு தடவை போய்விட்டால், அந்த வீட்டார் அடுத்த தடவை யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், ஜெபித்துவிட்டுத் திருப்பி அனுப்புவதோடு நிறுத்தாமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் கொடுக்க வேண்டும்.

மாறுதல் கேட்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். மனம் வறண்டு இருளில் இருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸின் விதி. 16-ஆம் நூற்றாண்டில் சொன்னது, இன்றைக்கு ஆலோசகர்களான நாங்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறோம். மூன்று மாதம் ஒழுங்காகத் தூங்கி, கூரை விஷயத்தில் ஒரு தீர்மானம் ஏறிய பிறகும் போகத் தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனசு கனத்தே கிடந்தாலோ, சாப்பாடு, பிள்ளைகள், பாட்டு எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே, எந்நேரமும் பேசலாம். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரிடமும் தூக்கக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். தூக்கம் குறைந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது.