கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரை உறைவது குறித்து

வணக்கம் ஐயா. திருப்பூரில் உங்கள் பனியன் கம்பெனியின் லினக்ஸ் சர்வரில், பழைய கட்டளைகளை முன்னோக்கித் தேடுவதற்காகக் கண்ட்ரோல்-எஸ் விசையை, எந்த விசைக்கு என்ன வேலை என்று குறிக்கும் இன்புட்ஆர்சி கோப்பில் அமைத்தும், அதை அழுத்தியவுடன் திரை உறைந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் காட்டிய வரி சரியானதே. ஆனால் அந்த விசை, கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லைச் சென்றடைவதற்கு முன்பே, வெளியீட்டை நிறுத்தச் சொல்லும் ஆணையாக அதை, விசைகளை முதலில் பெறும் டெர்மினல் இயக்கி எடுத்துக்கொள்கிறது. டெலிடைப் எனும் பழைய தட்டச்சுத் தந்திப் பொறிகளின் காலத்து ஏற்பாடு இது. உறைந்த திரையைத் தயவுசெய்து மூடிவிடாதீர்கள். கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் அது மீளும்.

நிலையான தீர்வாக, டெர்மினல் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையையும், ஓர் இடைவெளி விட்டுக் கழித்தல் குறியுடன் ஐஎக்ஸ்ஆன் (வெளியீட்டை நிறுத்தும் அந்த ஏற்பாட்டின் பெயர்) என்பதையும், சிற்றெழுத்தில் ஒரே வரியாக, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதுங்கள். வேறு கணினியிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைவதானால், மடிக்கணினியில் அல்லாமல் சர்வரில் உள்ள கோப்பில்தான் அதைச் சேர்க்க வேண்டும்.