அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் நல்ல அணிகூட ரீஜனலில் (தேசியப் பட்டத்துக்கான போட்டியின் முதல் சுற்றில்) தோற்பது ஏன்?

பெரும்பாலும் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) தீர்ந்துபோவதால்தான். கல்லூரிகளின் உயர்மட்டப் பிரிவான முதல் டிவிஷன் சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும். வழக்கமான ஆட்டங்கள் அதிகபட்சம் 56. வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே எதிரணியுடன் மூன்று ஆட்டங்கள், வாரநடுவே ஒன்றோ இரண்டோ. சிறந்த பிட்சர் வெள்ளிக்கிழமை வீசுவார். அடுத்த வெள்ளிவரை அவர் தோளுக்கு ஓய்வு. மூன்று நல்ல ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்கள்) இருந்தால் இந்தக் கணக்கு ஓடிவிடும்.

ரீஜனலில் ஓடாது. 64 அணிகள், 16 இடங்கள், இடத்துக்கு நான்கு. இரண்டு தோல்வி என்றால் வெளியே. முதல் ஆட்டத்தைக் கோட்டைவிட்டால், மூன்றே நாளில் தொடர்ந்து நான்கு வெற்றி வேண்டும்! நான்காவது, ஐந்தாவது பிட்சரை மார்ச், ஏப்ரல் வாரநடு ஆட்டங்களிலேயே பழக்கிய பயிற்சியாளருக்கே அது சாத்தியம். அதன்பின் அடுத்த சுற்றான சூப்பர் ரீஜனல், ஒரே எதிரணியுடன் மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். வென்ற எட்டு அணிகள் இறுதிக் கட்டம் நடக்கும் ஒமாஹா நகருக்குப் போகும்.