ஃபீஸுக்குப் பணம் குறையுது, யார்கிட்ட கேக்குறது?

கேள்வி: காலேஜ்ல சீட் கிடைச்சிருச்சு, ஆனா முதல் வருஷ ஃபீஸ்ல பாதிதான் வீட்ல தேறுது. ஸ்காலர்ஷிப்னு நெட்ல தேடினா நூத்துக்கணக்குல வந்து நிக்குது, எது எனக்கானதுனே புரியல. பேசாம கடன் வாங்கிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க, கடன் கடைசியில. முதல்ல நெட்ட மூடி வச்சுட்டு உங்க காலேஜ் ஆபீஸுக்கு நேர்ல போங்க. ஏன்னா நிறைய காலேஜ்ல பழைய மாணவர்கள், நன்கொடை குடுத்தவங்க பேர்ல உதவித்தொகை இருக்கும், அதுக்கு அந்தக் காலேஜ் பசங்க மட்டும்தான் போட்டி, எல்லாருக்கும் திறந்திருக்குற ஸ்காலர்ஷிப்ல இருக்குற கூட்டம் இதுல இருக்காது. போறப்ப "ஸ்காலர்ஷிப் இருக்கா"னு மொட்டையா கேக்காதீங்க, நான் அப்படிக் கேட்டு இல்லைனு ஒத்தை வார்த்தைல திரும்பி வந்தவன். அடுத்த தடவை எவ்ளோ குறையுது, வீட்டு வருமானம் என்ன, மார்க் என்னனு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போய் "இதுக்கு எதெதுக்கு அப்ளை பண்ணலாம்"னு கேட்டேன், அப்பதான் ஃபார்ம் கைக்கு வந்துச்சு.

அடுத்து அரசாங்கம். இந்தியாவுல நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் இருக்கு, அமெரிக்காவுல ஃபாஃப்சானு ஒரே ஃபார்ம், மத்திய அரசோட மானியம், கடன், படிச்சுக்கிட்டே பாக்குற வேலை மூணுக்கும் அதுதான் வாசல். ஜெர்மனியில பாஃபேக்னு ஒண்ணு, யுனிவர்சிட்டி பசங்களுக்கு அதுல பொதுவா பாதி இனாம், பாதி வட்டியில்லாக் கடன். எந்த நாடா இருந்தாலும் கடைசி தேதிதான் ஆளக் கவுக்கும், வருமானச் சான்றிதழ் கைக்கு வர்றதுக்குள்ள தேதி போயிரும், அதனால பேப்பர் வேலைய இன்னிக்கே ஆரம்பிங்க.

உதவி கிடைச்சா தொகைய மட்டும் பாத்து சந்தோஷப்பட்டுடாதீங்க, ஒரு வருஷத்துக்கா முழுப் படிப்புக்குமா, எவ்ளோ மார்க்குக்குக் கீழ போனா நிப்பாட்டுவாங்க, இதெல்லாம் கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், ரெண்டாம் வருஷம் நடுவுல பணம் நின்னு போனா அப்ப ஓடுறது ரொம்பக் கஷ்டம்.

இவ்ளோவுக்கும் அப்புறம் குறையுறதுக்கு மட்டும் கடன் வாங்குங்க. "படிச்சு முடிச்சுட்டு கட்டினா போதும்"னு சொல்வாங்க, ஆனா பல கடன்ல வட்டி முதல் நாள்லேர்ந்தே ஓடும். 1,00,000 வாங்கினா, 10 சதவீதம் தனிவட்டினே வச்சுக்கிட்டாலும் 4 வருஷத்துல 40,000 ஏறிடும், அதையும் அசலோட சேத்துட்டாங்கன்னா அப்புறம் வட்டிக்கும் வட்டிதான். முடிஞ்சா படிக்கிறப்பவே வட்டிய மட்டுமாவது கட்டிட்டு வாங்க.

இன்னொண்ணு, அப்ளை பண்ணதுக்கு அப்புறம் அப்பாவுக்கு வேலை போயிருச்சு, வீட்ல பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்துருச்சுனா திரும்பப் போய் சொல்லுங்க. பல இடத்துல மறுபரிசீலனை பண்ணுவாங்க, ஆனா நாமளா போய் கேட்டாதான். கூச்சமே வேணாம், அந்தப் பணம் உங்கள மாதிரி இருக்குறவங்களுக்குனே ஒதுக்கி வச்சது.

கேள்வி: "உங்களுக்கு ஸ்காலர்ஷிப் கன்ஃபார்ம், பிராசஸிங் ஃபீஸ் கட்டுங்க"னு மெசேஜ் வந்திருக்கு. நான் அப்ளை பண்ணின ஞாபகமே இல்ல. கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க. அப்ளை பண்ணாத ஸ்காலர்ஷிப் தானா வந்து கதவத் தட்டாது, உதவி குடுக்குறவங்க முன்பணமும் கேக்க மாட்டாங்க. ஃபாஃப்சாவோட பேரே 'இலவச விண்ணப்பம்'னுதான் ஆரம்பிக்குது. அந்த லிங்க்ல ஏற்கனவே பேங்க் விவரமோ ஓடிபியோ போட்டிருந்தீங்கன்னா இதப் படிச்ச கையோட பேங்குக்குப் போன் பண்ணி கணக்க நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, மெசேஜ அழிச்சிடாதீங்க, புகார் குடுக்கணும்னா அதுதான் ஆதாரம்.