முதுகுக்குப் பின்னால் கேட்கும் சொல்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மடிக்கணினியில் ரெசிடெண்ட் ஈவில் 4 விளையாடும்போது கிராமத்து ஆட்கள் கத்துவது ஒன்றும் புரியவில்லை, சப்டைட்டிலும் வருவதில்லை. சாமுராய் விளையாட்டான கோஸ்ட் ஆஃப் சுஷிமாவை ஜப்பானியக் குரலில் வைத்தால், சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் வெட்டு விழுந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் என் பத்து வயதுத் தம்பி, ‘என்ன சொன்னான்?’ என்று கேட்டபடியே இருக்கிறான். இதற்காக ஸ்பானிஷும் ஜப்பானியமும் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. ஒவ்வொரு மொழியிலும் பத்துப் பன்னிரண்டு சொற்களைக் காது பிடித்துக்கொண்டால் போதும். எந்தச் சொற்கள் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த வசனம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் நினைத்தார்களா?

2012இல் வந்த மேக்ஸ் பெய்ன் 3 பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் நடக்கிறது. சுற்றியிருப்பவர்கள் போர்த்துகீசியம் பேசுகிறார்கள். நாயகனுக்கு அந்த மொழி தெரியாது; ஆகவே நமக்கும் மொழிபெயர்த்துத் தரவில்லை. அவனுடைய தவிப்பு நம்மையும் தொற்ற வேண்டும் என்பதே நோக்கம். மெட்டல் கியர் சாலிட் 5 இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1984ஆம் ஆண்டு நடக்கும் கதையின் ஒரு பெரும் பகுதி ஆப்கானிஸ்தானில் நடக்கிறது. அங்கிருக்கும் சோவியத் வீரர்கள் ரஷ்ய மொழியில் பேசுகிறார்கள். ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பலூனில் கட்டி உங்கள் தளத்துக்கு அனுப்பும் வரை, பிடிபட்ட வீரன் சொல்லும் ரகசியம் உங்களுக்குப் புரியாது. அங்கே மொழி ஒரு பூட்டு, அதன் சாவியும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் வெளியிலிருந்து மொழிபெயர்ப்பைத் தேடிப் போனால் நல்ல அனுபவம் ஒன்று கெட்டுப்போகும்.

சில மொழிகள் உலகத்திலேயே இல்லாதவை. தி சிம்ஸ் பாத்திரங்கள் பேசும் சிம்லிஷ் வெறும் ஓசைதான்; அதில் பொருள் தேட வேண்டாம். ஃபைனல் ஃபேன்டஸி 10இல் வரும் அல் பெட் அப்படியில்லை. அது எழுத்துக்கு எழுத்து மாற்றி வைத்த ரகசியக் குறி; 26 பாட நூல்களைச் சேகரித்தால் எழுத்து எழுத்தாக விளங்கும். ஃபார் க்ரை பிரைமலின் வென்ஜா இன்னும் அழகானது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் இந்திக்கும் மூதாதையான ஆதி இந்தோ–ஐரோப்பிய மொழியை அடித்தளமாக வைத்து மொழியியலாளர்கள் இலக்கணத்தோடு கட்டிய மொழி அது.

நீங்கள் கேட்டிருப்பது வேறு வகை. ரெசிடெண்ட் ஈவில் 4இல் கிராமத்தார் கத்துவது உண்மையான ஸ்பானிஷ். சண்டையின் நடுவே பாத்திரங்கள் வீசும் இத்தகைய துண்டு வசனங்களை விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் ‘பார்க்’ என்கிறார்கள், குரைப்பு என்று பொருள். கதைக்கு அவை அவசியமில்லை என்று பல நிறுவனங்கள் சப்டைட்டில் போடுவதில்லை. எனக்கு இது பெரிய தவறாகவே படுகிறது. சப்டைட்டில் எழுதுவதே என் தொழில் என்பதால் சொல்கிறேன்: உயிரைக் காப்பாற்றும் செய்தி பெரும்பாலும் அந்தக் குரைப்பில்தான் இருக்கிறது.

‘உன் ஃபொராஸ்தேரோ!’ என்றால் ‘வெளியூர்க்காரன்!’, உங்களைப் பார்த்துவிட்டார்கள். ‘ஆயீ எஸ்தா!’ என்றால் ‘அதோ இருக்கிறான்!’ ‘அகார்ரென்லோ!’ என்பது ‘பிடியுங்கள் அவனை!’, இறுதியில் ஒட்டியிருக்கும் ‘லோ’தான் ‘அவனை’. எல்லாவற்றிலும் முக்கியமானது ‘தெத்ராஸ் தே தி’, அதாவது ‘உனக்குப் பின்னால்’. எதிரியே நம்மை ஏளனம் செய்யப் போய், தான் நிற்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறான். ஸ்பானிஷ் தெரிந்தவர் அந்த நொடியில் திரும்பிவிடுகிறார். தெரியாதவர் முதுகில் அடி வாங்குகிறார்.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு அம்மாப்பேட்டையிலேயே ஒரு நண்பரின் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் காதில் ஹெட்போன் மாட்டி இதே விளையாட்டில் உட்கார்ந்திருந்தான். பழைய கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுத்து, பொருளைத் தேடாதே, காதில் விழுந்த ஓசையைத் தமிழில் எழுது, அடுத்து என்ன நடந்தது என்பதை எதிரே எழுது என்றேன். முதல் பக்கத்தில் ‘தெத்ராஸ் – முதுகில் கோடரி’ என்று இருந்தது. மூன்று வரி தள்ளி மறுபடியும் ‘தெத்ராஸ் – முதுகில் கவைக்கம்பு’. அதற்கு அடுத்த முறை அவன் எழுதவில்லை, திரும்பிச் சுட்டான். அகராதியைத் தொடாமலே ஒரு சொல் அவனுடையதாகிவிட்டது.

அம்மாப்பேட்டையில் வளர்ந்த உங்களுக்கு இது புதிய வித்தையும் அல்ல. உங்கள் தெருவிலேயே சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் இருக்கும். அந்த மொழி தெரியாவிட்டாலும், அடுத்த வீட்டு அம்மா எந்தக் குரலில் கூப்பிட்டால் சாப்பாடு, எந்தக் குரலில் கூப்பிட்டால் திட்டு என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். அதே காதைத்தான் இங்கேயும் தீட்ட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ரெசிடெண்ட் ஈவில் 4இன் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் கதை நடப்பது ஸ்பெயினில், ஆனால் பேச்சு லத்தீன் அமெரிக்காவுடையது. பலரைப் பார்த்து ‘பிடியுங்கள்’ என்பதற்கு ஸ்பெயின் கிராமத்தார் ‘அகார்ராத்லோ’ என்பார்கள். ‘அகார்ரென்லோ’ மெக்சிகோ பக்கத்து வழக்கு. ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் கதை நடக்க, ஊரார் அத்தனை பேரும் ‘ஏலே, வாலே’ என்று நெல்லைத் தமிழ் பேசினால் நமக்கு எப்படி இருக்கும்! ஸ்பெயின்காரர்களுக்கு அப்படித்தான் இருந்தது. இன்னொன்று, ‘கோஹெலோ’ என்பது ஸ்பெயினில் சாதாரணமாக ‘அவனைப் பிடி’. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கேட்கக் கூசும் சொல். விளையாட்டில் கற்றதை மனிதர்களிடம் பேசிப் பார்க்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி ஜப்பானியம். தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘மிஸு ஓ நோமு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘தண்ணீர் – ஐ – குடிப்பேன்’. வினை நம்மைப் போலவே கடைசியில் வருகிறது. ‘நோமு கா?’ என்றால் ‘குடிப்பாயா?’, நம் ‘ஆ’ நிற்கும் இடத்தில் அவர்களுடைய ‘கா’ நிற்கிறது. ஆங்கில சப்டைட்டிலோ வினையை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. கண் ஓர் ஒழுங்கிலும் காது வேறோர் ஒழுங்கிலும் ஓடுவதால்தான் நீங்கள் திணறுகிறீர்கள். போதாக்குறைக்கு, பல விளையாட்டுகளில் ஆங்கில சப்டைட்டில் ஆங்கிலக் குரலுக்காக எழுதியதாக இருக்கும். ஜப்பானியக் குரல் சொல்வதோடு வரிக்கு வரி பொருந்தாது. ஆகவே சண்டை தொடங்கியதும் சப்டைட்டிலை விட்டுவிட்டு, வாக்கியத்தின் வாலை மட்டும் கேளுங்கள். ‘நிகெரோ’ தப்பி ஓடு, ‘யமெரோ’ நிறுத்து, ‘மத்தே’ பொறு. ‘ரோ’ என்று முடிந்தாலே கட்டளை என்று எண்ணிவிட வேண்டாம். ‘உஷிரோ’ என்றால் ‘பின்னால்’. சுஷிமா விளையாட்டில் எதிரிகளான மங்கோலிய வில்லாளிகள் அம்பு விடுமுன் தங்கள் மொழியில் ஒரு குரல் கொடுப்பார்கள். அதற்குப் பொருளே தெரிய வேண்டாம். குரல் கேட்டதும் விலகினால் போதும்.

கதைக் காட்சிகளில் நிதானமாகப் படியுங்கள். அங்கே இன்னொன்றையும் கவனியுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆங்கிலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. ஸ்பானிஷில் ‘தூ’, ‘உஸ்தெத்’ என்றும், ரஷ்யத்தில் ‘தி’, ‘வி’ என்றும் நம் நீ–நீங்கள் போலவே பிரிவு உண்டு. ஜப்பானியத்தில் ‘ஒமாஎ’ நெருக்கமும் அலட்சியமும் கலந்தது. ‘கிசாமா’ கோபத்தின் உச்சம், ஒரு காலத்தில் மரியாதைச் சொல்லாக இருந்து தேய்ந்தது. பெயருக்குப் பின்னால் ‘சாமா’, ‘தொனோ’, ‘சான்’ என்று ஒட்டுவதும் ஆளுக்கு ஆள் மாறும். சுஷிமா கதையின் நாயகன் ஜின் தன் மாமனை ‘ஓஜி–உஎ’ என்கிறான். ‘உஎ’ என்றால் ‘மேல்’. ஆங்கில சப்டைட்டில் அதை வெறும் ‘அங்கிள்’ ஆக்கிவிடுகிறது. அந்த மாமனிடம் அவனுக்கு இருக்கும் பணிவு முழுவதும் அந்த ஒட்டில்தான் இருக்கிறது, பிறகு அவர்கள் பிரியும்போது வலிப்பதும் அதனால்தான். ‘நீங்கள்’ என்று பேசிவந்த ஒருவன் சட்டென்று ‘நீ’ என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா? மரியாதையை அளந்து பழகிய காது நமக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் அமைப்புகளில் சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணிக் கறுப்பை இயக்குங்கள். திரையில் எழுத்தாக இருப்பதைக் கைபேசியின் கூகுள் லென்ஸ் தமிழிலேயே காட்டும். விண்டோஸ் 11இல் விண்டோஸ், கன்ட்ரோல், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேச்சை எழுத்தாக்கும் வசதி திறக்கும். அந்தந்த மொழிக்கான கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அமைதியான காட்சிகளுக்கு அது உதவும். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே வரும் இரண்டு சொல் குரைப்பை அது தப்பும் தவறுமாகத்தான் பிடிக்கும். இயந்திரத் தமிழில் மரியாதையும் குழம்பும்: தளபதியைப் படைவீரன் ‘நீ’ என்பான்.

தம்பியைப் பற்றி. நீங்கள் சொன்ன இரண்டு விளையாட்டுகளும் பெரியவர்களுக்கானவை. பத்து வயதுப் பையனை அருகில் வைத்துக்கொண்டு விளையாட வேண்டாம். அவன் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்கும் ஆர்வத்துக்கு 2023இல் வந்த சான்ட்ஸ் ஆஃப் சென்னார் சரியாகப் பொருந்தும். ஒரு கோபுரத்தில் அடுக்கடுக்காக வாழும் மக்கள் தங்கள் தங்கள் குறியெழுத்துகளில் பேசுவார்கள். கதவருகே நிற்பவர் கையை நீட்டி எதையோ சொல்வார். ‘திற’ என்கிறாரா, ‘போ’ என்கிறாரா என்று ஊகித்து விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். பின்னால் படங்களோடு பொருத்தும்போது ஊகம் சரியா என்று தெரிந்துவிடும். கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். தடுமாறும் இடத்தில் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.