காணொளியில் பார்த்த ஜெல்லிமீனுக்குப் பெயர் வைக்கலாமா?

கேள்வி: கடலுயிரியல் முதுகலை படிக்கிறேன். நான் போன ஓர் ஆய்வுப் பயணத்தில், 1,200 மீட்டர் ஆழத்தில் எடுத்த காணொளியில் சிவப்பு ஜெல்லிமீன் ஒன்று வருகிறது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. புதிய இனமாக அறிவித்து, என் அம்மாவின் பெயரை வைக்க முடியுமா?

பதில்: அம்மா பெயரைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் அது கடைசி வேலை, இருப்பதிலேயே சுலபமான வேலையும் அதுதான்.

முதலில், அந்தச் சிவப்பைப் பார்த்து மயங்காதீர்கள். சூரிய ஒளியில் உள்ள சிவப்பு மேல்மட்டத்திலேயே கரைந்துவிடுகிறது. ஆழத்தில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான், அதனால் அங்கே சிவப்பு ஜெல்லிமீன்கள் சர்வசாதாரணம். குடை போன்ற உடலின் விளிம்பில் எத்தனை மடல், எத்தனை இழை, வயிறு என்ன வடிவம் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு அட்டோலா ரெய்னால்ட்ஸி என்ற ஜெல்லிமீன் நல்ல உதாரணம். கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் 2006ல் ஆளில்லா ஊர்தியின் கேமராவில் முதலில் சிக்கியது. அட்டோலா பேரினம் என்றாலே மற்ற இழைகளைவிட மிக நீண்ட ஒற்றை இழை ஒன்று பின்னால் வால் போல வரும். இதற்கு அது இல்லை. எங்காவது அறுந்திருக்கலாமே? நியாயமான சந்தேகம்தான். ஆனால் பார்த்த ஒவ்வொன்றிலுமா அறுந்திருக்கும்? வயிற்றின் சிலுவை வடிவம், மரபணு ஒப்பீடு எல்லாம் கைக்கு வந்த பிறகு, 2022ல்தான் ஜார்ஜ் மாட்சுமோட்டோவின் குழு பெயரை வெளியிட்டது. மான்டெரே மீன்காட்சியகத்தின் முதல் தன்னார்வலர் ஜெஃப் ரெய்னால்ட்ஸைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது.

ஆக, உங்களுக்கு மாதிரி, அதாவது பிடித்த ஓர் உடல், வேண்டும். வலையில் வந்தால் கூழாகிவிடும். ஊர்தியின் உறிஞ்சுகுழாயோ மூடியுள்ள உருளையோதான் சரிப்படும். கப்பலுக்கு வந்ததும் உயிரோடு இருக்கும்போதே அளந்து படம் எடுத்துவிடுங்கள், பதப்படுத்தினால் சுருங்கும். அப்புறம் ஒரு துணுக்கை வெட்டி ஆல்கஹாலில் போடுங்கள். மிச்சத்தை ஃபார்மலினில் வையுங்கள். ஃபார்மலினில் போட்டதிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. பெயருக்கு ஆதாரமான அந்த மாதிரி உடல் ஓர் அருங்காட்சியகத்தில், பதிவு எண்ணோடு இருக்க வேண்டும்.

காணொளியை மட்டும் வைத்துப் பெயரிட்டதும் உண்டு. போர்ட்டோ ரிக்கோ அருகே 2015ல் படம்பிடித்த டுவோபிராக்கியம் ஸ்பார்க்ஸே என்ற சீப்புஜெல்லிக்கு (ஜெல்லிமீன் போல இருக்கும் வேறு வகை உயிரி) 2020ல் அப்படித்தான் பெயர் வந்தது. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதி தடுக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்க முடியவில்லை என்று விளக்க வேண்டும். அவர்களிடம் மிகத் தெளிவான படங்கள் இருந்தன. ஒரே ஒரு துண்டுக் காணொளியோடு நீங்கள் போனால் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிடும் என்றே நினைக்கிறேன்.

சரி, பெயர். பெண்ணின் பெயர் என்றால் லத்தீன் முறைப்படி இறுதியில் 'ஏ' சேரும். அம்மா மீனாட்சி என்றால் 'மீனாட்சியே'. தமிழில் வாசித்தால் கூப்பிடுவது போலவே இருக்கும்! உங்கள் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள். விதியில் தடையில்லை, ஆனால் காலத்துக்கும் கேலி செய்வார்கள். இணைய இதழில் வெளியிடுவதாக இருந்தால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு கட்டாயம், கட்டுரையிலும் அதைக் குறிப்பிட வேண்டும்.

இப்போதைக்கு அந்தக் காணொளியின் இடம், ஆழம், நாள், நேரம் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு, பயணத்தின் தலைமை ஆய்வாளரிடம் பேசுங்கள். காணொளி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லையே.