அப்பாவும் 4 சென்டிமீட்டர் பனியும்

வணக்கம் ஐயா,

என் அப்பாவுக்கு 70 வயது. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். அம்மா போனபிறகு கனடாவில், ஸ்காபரோவில் எங்களோடு இருக்கிறார். போன வாரம் 4 சென்டிமீட்டர் ஸ்னோதான் கொட்டியது. விடியுமுன் எழும்பி எங்கள் டிரைவ்வேயையும் பக்கத்து வீட்டுக் கிழவியின் வாசலையும் வழித்துவிட்டார். 14 வயது மகன் நல்ல நித்திரை. மத்தியானம் தானாகக் கரைகிற பனிக்கு இது தேவையா என்று பயத்தில் கத்திவிட்டேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசுகிறாரில்லை. அவரை எப்படித் தடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயம் நியாயமானது. கியூபெக் மாகாணத்தை வைத்து 2017இல் வந்த ஓர் ஆய்வில், 20 சென்டிமீட்டர் பனி கொட்டிய மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வரும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், அந்த நேரம் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் இதயம் என்ன செய்யும்? ஆனால் அது 20. உங்கள் வீட்டில் விழுந்தது 4, அதுவும் நல்ல குளிரில் விழுந்த காய்ந்த பனியென்றால் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான், தும்புத்தடியாலேயே கூட்டித் தள்ளலாம்.

தானாகக் கரையும் என்பதையும் நம்பாதீர்கள். காலும் கார் டயரும் மிதித்து இறுகிய பனி மத்தியானம் கொஞ்சம் இளகி இரவில் கண்ணாடியாக உறைந்துவிடும், மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்புக்கும் அது அவ்வளவாக அசையாது. பிறகு வழுக்கி விழுவது அந்தப் பக்கத்து வீட்டுக் கிழவி. ஒருவரும் மிதிக்கமுன் வழித்த உங்கள் அப்பாதான் சரியாகச் செய்திருக்கிறார்.

எங்கள் தெருவிலும் தோட்டம் செய்த ஒரு பெரியவர் இருக்கிறார். மண்வெட்டி பிடிக்கிற அதே பிடியில்தான் பனி வழிக்கும் ஷவலைப் பிடிப்பார், ஓரத்தைக் கயிறு கட்டினதுபோல நேராக வெட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். வாழ்நாள் முழுக்கக் கையால் உழைத்த ஒருவருக்கு இங்கே மாதக்கணக்கில் வீட்டுக்குள் டிவியைத் தவிர என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அவர் தானாகத் தேடிக்கொண்ட ஒரே வேலையை நீங்கள் தேவையில்லாதது என்றீர்கள். கோபம் வராதா?

ஆகவே குடும்ப வைத்தியரிடம் ஒருதரம் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் சின்னப் பனியை அப்பாவிடமே விடுங்கள். எழும்பின கையோடு போகாமல் ஒரு தேத்தண்ணி குடித்து உடம்பு சூடானபின் போகட்டும், தூக்காமல் தள்ளட்டும், நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு 911. பெரிய பனியும், மார்ச் மாத ஈரப் பனியும், தெருப் பனியைத் தள்ளும் கலப்பை வண்டி போகிற போக்கில் டிரைவ்வே வாசலில் குவித்துவிடும் அந்தக் கட்டிகளும் மட்டும் அவர் தொடக்கூடாது. அது உங்கள் மகனின் வேலை. அவனையும் எழுப்பி விடுங்கள், தாத்தாவுக்குக் காவலாக இல்லை, அவரிடம் வேலை பழக.

முதலில் அப்பாவோடு போய் நல்ல பிடிமானமுள்ள சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள். பேச்சு கடையிலேயே தொடங்கிவிடும்.