கோல்ட் கோஸ்ட் கானா ஆனது எப்படி? – கேள்வி பதில்

கே: ஐயா, பிரிட்டிஷ் காலனியான கோல்ட் கோஸ்டில் விடுதலைத் தலைவர் நிக்ருமா 1951-லேயே ஆட்சிக்கு வந்துவிட்டாரே, சுதந்திரம் ஏன் 1957 வரை இழுத்தது?

ப: அவர் கைக்கு வந்தது பாதி ஆட்சிதான். 1951 அரசியலமைப்பில் 11 அமைச்சர்கள். எட்டுப் பேர் ஆப்பிரிக்கர்கள். நிதி ஒன்று, நீதி ஒன்று, பாதுகாப்பும் வெளியுறவும் சேர்ந்து ஒன்று என மூன்று பொறுப்புகள் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம். அமைச்சரவைக்குத் தலைமை பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்டன்-கிளார்க். நிக்ருமாவுக்குப் பிரதமர் என்ற பட்டமே 1952-ல்தான் வந்தது. 1954-ல் அமைச்சரவை முழுக்க ஆப்பிரிக்கர்கள், 104 இடங்களுக்கும் நேரடித் தேர்தல். ஆனால் பாதுகாப்பு, வெளியுறவு, போலீஸ் மூன்றையும் ஆளுநர் விடவில்லை. ஒரு காலனி எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க சட்டமன்ற இடங்களை எண்ணிப் பயனில்லை. கஜானாவும் போலீஸும் யாரிடம் என்று பாருங்கள்.

கே: 1951 தேர்தலின்போது நிக்ருமா சிறையில் இருந்தாரே, நின்றது எப்படி?

ப: ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனைதான் தகுதியைப் பறிக்கும். அவருக்கு விழுந்தது தனித்தனியாக மூன்று ஓராண்டுகள். அந்த இடுக்கில் புகுந்தார். தலைநகரின் அக்ரா மத்தியத் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு. அதன் பிறகு ஆளுநரால் எப்படி உள்ளேயே வைத்திருக்க முடியும்?

கே: உள்நாட்டுப் பகுதியான அஷாந்தியின் மக்கள் நிக்ருமா அரசை ஏன் எதிர்த்தார்கள்? வெறும் இனப் பிரச்சினையா?

ப: பொறி கோக்கோ விலையில். 60 பவுண்டு எடையுள்ள மூட்டைக்கு 72 ஷில்லிங் என்று 1954 ஆகஸ்டில் நான்கு ஆண்டுகளுக்கு விலையைக் கட்டிப்போட்டது அரசு. உலகச் சந்தையில் விலை அதைவிட வெகு உயரத்தில். வித்தியாசம் வளர்ச்சித் திட்டங்களுக்கு என்றார்கள். கோக்கோ அதிகம் விளைந்தது அஷாந்தியில், பணத்தைச் செலவழித்தது அக்ரா! அடுத்த மாதமே அஷாந்தியில் தேசிய விடுதலை இயக்கம் என்ற கட்சி கிளம்பி, கூட்டாட்சி கேட்டது. லண்டன் சொன்ன பதில்: இன்னொரு தேர்தல் நடத்துங்கள், புதிய சட்டமன்றம் நியாயமான பெரும்பான்மையுடன் சுதந்திரம் கேட்டுத் தீர்மானம் போட்டால் தேதி தருகிறோம். 1956 ஜூலையில் நிக்ருமாவின் கட்சிக்கு 104-ல் 71 இடம், ஆகஸ்ட் 3-ல் தீர்மானம். அஷாந்திக்குச் சமாதானமாக மண்டல சபைகளை அரசியலமைப்பில் எழுதிவைத்தார்கள். 1958-ல் அச்சபைகளின் தேர்தலை எதிர்க்கட்சி புறக்கணித்தது, என் கணிப்பில் பெரும் தவறு. சபைகள் ஆளுங்கட்சி கைக்குப் போய், தம்மைக் கலைக்கத் தாமே சம்மதித்தன.

கே: சுதந்திரச் சட்டத்தில் அப்படி என்ன எழுதியிருந்தது?

ப: சின்னச் சட்டம்தான். 1957 மார்ச் 6 முதல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும் கானாவைத் தானாகக் கட்டுப்படுத்தாது. காலனிச் சட்டங்களை லண்டன் சட்டத்துக்குக் கீழே வைத்த 1865-ம் ஆண்டுச் சட்டமும் இனிச் செல்லாது. உயிர்நாடி இந்த இரண்டும்தான். கிழக்கே ஒட்டியிருந்த பிரிட்டிஷ் டோகோலாந்து, ஐ.நா. சார்பில் பிரிட்டன் நிர்வகித்த பொறுப்பாட்சிப் பகுதி என்பதால் அதற்குத் தனி வழி: 1956 மே மாதம் பொதுவாக்கெடுப்பு, பிறகு ஐ.நா. ஒப்புதல்.

கே: மார்ச் 6-ஓடு எல்லாம் முடிந்ததா?

ப: இல்லை. ராணிதான் நாட்டுத் தலைவர். ராணியின் பிரதிநிதியாக ஆர்டன்-கிளார்க்கே முதல் கவர்னர் ஜெனரல். சொந்த நாணயம் 1958-ல். குடியரசு 1960 ஜூலை 1. இந்தியாவுக்கு இந்த இடைவெளி இரண்டரை ஆண்டு, இலங்கைக்கு 1948-லிருந்து 1972 வரை. கானாவின் ராணுவத் தளபதி மட்டும் 1961 வரை பிரிட்டிஷ்காரர்.